வூடு என்று படித்த பெண்

ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்த சில மாதங்களில் எனக்கு வேலை கிடைத்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மைல் தள்ளி, கடலோரக் குப்பம் ஒன்றில் இருந்த ஜில்லா போர்டு பள்ளிக்கூடம். நீளமான ஓலைக் கட்டடம், நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் தலைமையாசிரியர் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு.

நான் வாத்தியார் ஆனதில் என் அத்தாவுக்குச் சம்மதமில்லை. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை இருந்தது. மூத்த மகன் கடையைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருந்தார். வேலை உத்தரவு வந்த அன்று, "மணல்ல உக்காந்து அ ஆ சொல்லிக் குடுக்கவா இத்தனை வருஷம் படிச்சே?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு தேவைக்குத்தான் பேச்சு. மாமல்லபுரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன்.

முதல் இரண்டு வாரம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் மூன்றாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். எந்தப் பாடத்தைச் சொன்னாலும் கடகடவென்று படித்தார்கள். எனக்கு முன்பு இருந்தவர் நன்றாக உழைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் பசுவைப் பற்றிய பாடத்தைப் படிக்கச் சொல்லி முதல் வரிசைப் பையனை எழுப்பினேன். புத்தகத்தைப் பிரித்து, வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தான். ஒரு பிழை இல்லை. பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்டு, அவர்களை அதட்ட அவனைத் தாண்டிப் போனேன். போகும்போது புத்தகம் கண்ணில் பட்டது. அவன் பிரித்து வைத்திருந்த பக்கத்தில் ரயில் வண்டி படம் இருந்தது. ரயில் பாடத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பசுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனை அடிக்கத் தோன்றவில்லை. எனக்குப் பயம்தான் வந்தது. மறுநாள் அதே பாடத்திலிருந்து பத்துச் சொற்களைப் பொறுக்கி, வரிசை மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன். 'பால்' என்ற சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்றேன்.

"மாடு சார்."

"புல்லு சார்."

"கன்னுக்குட்டி சார்."

அது பசுப்பாடம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விசாரித்ததில் காரணம் புரிந்தது. இருபத்திரண்டு பேருக்கு மூன்று புத்தகங்கள். புத்தகம் உள்ளவன் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொல்லியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கடலோரத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி அபாரம். ஒருமுறை கேட்டால் போதும். அந்தத் திறமையே அவர்களுக்கு எழுத்து தெரியாததை மறைத்துவிட்டது.

ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் படிக்கச் சொல்ல ஆரம்பித்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் இருந்தாள். பத்து வயது இருக்கும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்கே வருவாள். சேர்ந்து சொல்லும்போது வாயைத் திறக்கமாட்டாள். மக்கு என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளிடம் புத்தகத்தைக் கொடுத்து, நாங்கள் இன்னும் தொடாத ஒரு பக்கத்தைப் பிரித்தேன். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். 'வீடு' என்று அச்சாகியிருந்த இடத்தில் "வூடு" என்றாள். 'என்ன' என்பதை "இன்னா" என்றாள். 'அங்கே இருக்கிறது' என்பது "அங்க கீது" என்று வந்தது.

திருத்தினேன். மறுபடி வூடு என்றாள். மூன்றாவது முறை அளவுகோலால் உள்ளங்கையில் ஓர் அடி கொடுத்தேன். அவள் அழவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். இந்த வயதிலும் அந்த ஓர் அடி எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலை அவள் அம்மா வாசலில் வந்து நின்றார். மீன் விற்கப் போகிற வழி. கூடை தலையிலேயே இருந்தது.

"வாத்யாரே, எம்பொண்ண இன்னாத்துக்கு அட்ச்ச?"

"தப்பாப் படிக்குதும்மா. வீடுன்னு போட்டிருந்தா வூடுன்னு படிக்குது."

"வீடுன்னா இன்னா?"

"வீடுன்னா…" எனக்குச் சட்டென்று வேறு சொல் கிடைக்கவில்லை. "வூடுதான்."

"அப்ப அது கரீட்டாத்தான சொல்லிகீது?"

கேட்டுவிட்டு அவர் கூடையோடு திரும்பி நடந்துவிட்டார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. அன்று முழுக்க எனக்கு ஆத்திரம். பாடம் தெரியாத பொம்பளை எனக்குப் பாடம் சொல்வதா என்று.

சாயங்காலம் கரையோரமாக அறைக்கு நடந்து போகும்போது ஆத்திரம் கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. அந்தப் பக்கத்தை நாங்கள் வகுப்பில் தொட்டதே இல்லை. யாரும் அதைச் சொல்லி அவள் கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தாலும் அவர்கள் வீடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். வூடு என்ற சொல் அவளுக்கு வேறெங்கிருந்தும் வந்திருக்க வழியில்லை. எழுத்தைப் பார்த்தாள், பொருளைப் பிடித்தாள், தன் பேச்சில் சொன்னாள். என் வகுப்பில் உண்மையிலேயே படிக்கத் தெரிந்த ஒருத்தியை நான் அடித்திருக்கிறேன். மணலில் அப்படியே நின்றுவிட்டேன்.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். வகுப்பில் யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினேன். 'வாத்யார் தலைல நண்டு கீது.' எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பிப் பார்த்தேன்.

கடைசி வரிசையில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பையன் 'ஹே' என்று சிரித்தான். மற்ற இருபது பேரும் பலகையை விட்டுவிட்டு, சிரித்த இரண்டு பேரின் முகத்தையே பார்த்தார்கள். யாருக்குப் படிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பயிற்சிப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித்தராத பரீட்சை அது.

"இன்னாடி எழுதிகீது? சொல்லுடி" என்று பக்கத்தில் இருந்தவள் அவளைப் பிடித்து உலுக்கினாள். எழுத்து தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையை அந்தப் பிள்ளைகள் முகத்தில் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னேன். "அன்னிக்கு நீ சரியாத்தான் படிச்சே. நான்தான் தெரியாம அடிச்சிட்டேன்" என்றேன். அவள் தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "சரி சார்" என்றாள். அவ்வளவுதான்.

அவள் எப்படிப் படிக்கக் கற்றாள் என்று பிறகு கேட்டேன். முதல் வகுப்பில் எழுத்து தெரிந்துகொண்டாள். அம்மா கடையிலிருந்து புளியும் மிளகாயும் கட்டிக்கொண்டு வருகிற காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்திருக்கிறாள். "அதுல பாதிலயே முடிஞ்சிடும் சார். மீதிய நானே நெனச்சிக்குவேன்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் நேரே கடைக்குப் போனேன். பொட்டலம் கட்டுவதற்காகப் பழைய பத்திரிகைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும்.

"அத்தா, எனக்குக் கொஞ்சம் காயிதம் வேணும்."

"எதுக்கு?"

பசு, ரயில், வூடு, நண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பருப்பை அளந்துகொண்டே கேட்டார். திங்கட்கிழமை விடியற்காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு கட்டு தயாராக இருந்தது. அன்று முதல் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அவிழ்த்துப் பார்த்தால், எழுத்து பெரிதாக இருக்கிற தாள்கள் மேலே, படம் போட்டவை நடுவில், பொடி எழுத்து அடியில் என்று பிரித்து அடுக்கியிருப்பார். கொலைச் செய்திகளைக் கத்தரித்து எடுத்திருப்பார். யார் சொல்லி இதைச் செய்தாரோ, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

பிள்ளைக்கு ஒரு தாள் வந்ததும் கூட்டாகச் சொல்வது தானாக நின்றது. ஒவ்வொருவன் கையிலும் வேறு வேறு செய்தி. பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுச் சொல்ல வழியில்லை. தினமும் காலையில் பலகையில் ஒரு வரி எழுதுவேன், அவர்கள் பேச்சிலேயே. படித்தவன் சிரிக்கலாம், சொல்லக் கூடாது. மூன்று மாதத்தில் பாதி வகுப்பு சிரித்தது.

பிறகு பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம் வீட்டில் பேசுவது, வலது பக்கம் புத்தகத்தில் எழுதுவது. 'கீது' என்றால் எதிரே 'இருக்கிறது'. 'வந்துகினு' என்றால் 'வந்துகொண்டு'. ரயில் படத்தைப் பார்த்துப் பசு படித்த பையன் ஒரு நாள் கேட்டான். "ஒரே விஷயத்துக்கு எதுக்கு சார் ரெண்டு பேச்சு?"

நான் சொல்வதற்கு முன் அந்தப் பெண் சொன்னாள். "மீன் விக்கப் போறதுக்கு ஒரு பொடவ, கல்யாணத்துக்குப் போறதுக்கு ஒரு பொடவ. உங்கம்மா ரெண்டையும் வச்சிக்கினுதான கீது?"

இதைவிடத் தெளிவாக நான் எந்த நாளும் சொன்னதில்லை.

தலைமையாசிரியருக்குத்தான் கவலை. நல்ல மனிதர். "போர்டுல இப்படியெல்லாம் எழுதாதீங்க தம்பி. இன்ஸ்பெக்டர் பார்த்தா ரெண்டு பேரும் தொலைஞ்சோம்" என்பார். ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அழிக்கச் சொல்லி ஒருமுறைகூட உத்தரவு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். முன்னறிவிப்பு இல்லை. பலகையில் கோட்டுக்கு இடது பக்கம் 'நைனா இன்னா துண்றாரு' என்று இருந்தது.

"இது என்னய்யா பாஷை?" என்றார்.

அவர் புத்தகத்தை எடுத்து, முதல் வரிசைப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ரயில் பையனேதான். அவன் எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லாக, வியர்த்து வழியப் படித்தான். அடுத்தவளும் அப்படித்தான். இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கியது.

"போன வருஷம் இதே பிள்ளைங்க மடமடன்னு படிச்சாங்களே. நீங்க வந்து திக்கித் திக்கிப் படிக்க வச்சிருக்கீங்க."

"போன வருஷம் ஒப்பிச்சாங்க சார். இப்பத்தான் படிக்கிறாங்க" என்றேன்.

அவர் தன் தோல்பையைத் திறந்து, அன்று காலையில் வாங்கிய பத்திரிகையை எடுத்தார். பிரித்து, ஒரு பத்தியைக் காட்டி, அதே பையனிடம் நீட்டினார். "இதைப் படி."

ஏதோ ஊரில் மழை பெய்து ஏரி நிரம்பிய செய்தி. அவன் எழுத்துக்கூட்டினான். ஓர் இடத்தில் நின்றான். தலைப்பை மறுபடி பார்த்தான். மீண்டும் ஆரம்பித்து முடித்தான். முடித்துவிட்டு, "ஏரி ரொம்பிப் போச்சாம் சார்" என்று தன் பேச்சில் அவருக்குச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் பத்திரிகையைத் திரும்ப வாங்கவில்லை. "வச்சிக்க" என்றார். மேலும் நான்கு பேரைப் படிக்கச் சொன்னார். போகும்போது பள்ளியின் பார்வைப் புத்தகத்தில் அவர் எழுதியதைத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாம் வகுப்பின் வேகம் குறைந்துள்ளது. ஆனால் மாணவர்கள் வாசிக்கிறார்கள். ஆசிரியர் இம்முறையைத் தொடரலாம். தலைமையாசிரியர் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். மறுவாரம் அவரும் தன் பலகையில் நடுக்கோடு போட்டார்.

இதையெல்லாம் அத்தாவிடம் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை காகிதக் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வகுப்பில் ஓரமாக உட்கார்ந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு தாளாகக் கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் அவர் கையால் அடுக்கிய தாள்கள். மதியம் அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வந்ததும், "கடைய உன் தம்பி பார்த்துக்குவான்" என்றார். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நான் அங்கே சேர்ந்து மூன்று வருஷத்தில் என்னைத் திருக்கழுக்குன்றத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பெண் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். குப்பத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. மாமல்லபுரத்துக்கு அனுப்புவாரா, நிறுத்திவிடுவாரா என்று அவள் அம்மாவைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேலும் மூன்று வருஷம் போனபின் ஒரு சந்தை நாளில் திருக்கழுக்குன்றத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தார்.

"வாத்யாரே, எட்டாவது பாஸாயிட்டா. தெனம் மீன் கூடையோட நான்தான் இட்டுக்கினு போய் வுட்டேன்."

எங்கள் ஊர்களில் நன்றி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. சொல்ல எனக்கு அவ்வளவு இருந்தும், நான் கேட்டதெல்லாம், "சாப்டியாம்மா?" என்றுதான்.

"இன்னும் இல்ல" என்றார். பக்கத்துக் கடையில் இரண்டு பேருக்கும் இட்லி வாங்கினேன். சந்தை நடுவில் நின்றபடியே சாப்பிட்டோம்.