மூன்றாவது நரம்பு அறுந்தால்

கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இது புரியும்: தூண்டிலுக்கு நைலான் நரம்பு விற்கும் கடைக்கு மீன் பிடித்தவர் திரும்பி வந்து நன்றி சொல்வதில்லை, நரம்பு அறுந்தவர் மட்டும் மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நிற்பார்.

அறுபதுகளின் கடைசியில் செகந்திராபாத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் சேர்ந்தேன். கிரிக்கெட் மட்டைகளுக்குப் பின்னால் ஒரு மூலை தூண்டில் சாமான்களுக்கு. அந்த மூலை எனக்கு. மீன் பிடித்துப் பழக்கமில்லை. ஒரு வெளிநாட்டு கேட்லாக்கை அகராதி வைத்துக்கொண்டு படித்ததுதான் என் படிப்பு. முதலாளி சாமுவேல் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "நரம்பு அறுந்து மூணு பேர் திரும்பி வந்தா, அப்புறம் நீ எனக்கு நக்கோ." வேண்டாம் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். என் மனைவி சரோஜாவுக்கு அப்போது ஏழாவது மாதம்.

மெல்லிசு

முதல் ஆள் ரயில்வே குமாஸ்தா அந்தோணி. தாமரை மண்டிய குளத்தில் விரால் பிடிக்கப் போவதாகச் சொன்னார். நரம்பு மெல்லிசாக இருந்தால் மீனுக்குத் தெரியாது என்று கேட்லாக்கில் படித்திருந்தேன். இருப்பதிலேயே மெல்லியதைக் கொடுத்தேன்.

அது தெளிந்த தண்ணீருக்குச் சொன்னது. விரால் கவ்வியதும் நேராகத் தாமரைத் தண்டுகளுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். தடித்த நரம்பு போட்டு, அது புகுமுன் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவர வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது திங்கட்கிழமை காலை, முதலாளி பக்கத்தில் நிற்கும்போது. அந்தோணி கோபப்படவே இல்லை. "மீன் கண்ணுல படாத நரம்பு குடுத்தீங்க தம்பி. இப்ப மீனே என் கண்ணுல படல."

பல்

இரண்டு வாரம் கழித்து, பேகம்பேட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் காதர் பாய். தமிழர் தெருவில் கடை வைத்திருந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். ஆற்று மடுவில் வாளைக்குப் போகிறார். இந்த முறை உஷாராக இருந்தேன். கடையிலேயே தடித்த நரம்பை எடுத்து, அதில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டே காட்டினேன்.

திரும்பி வந்தவர் அறுந்த நுனியைக் கவுண்டரில் வைத்தார். கடிகாரம் பார்க்கக் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியையும் என்னிடம் நீட்டினார். பார்த்தேன். இழுவையில் அறுந்த நுனி சுருண்டிருக்கும். இது பிசிறு பிசிறாக, மென்று துப்பியது போல இருந்தது. வாளைக்கு எவ்வளவு தடித்த நரம்பும் போதாது. முள்ளுக்கு மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி கட்ட வேண்டும். டிரேஸ் என்பார்கள். அன்று மாலையே சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து ஆறு டிரேஸ் முறுக்கி வைத்தேன். ஆனால் முதலாளி ஏற்கெனவே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார். காதர் பாய் கேட்டார்: "கைக்கு மியா, ஏன் இப்படி? மீனுக்குப் பல்லு இருக்கறது மீன் விக்கிறவனுக்குத் தெரியுது, நரம்பு விக்கிறவனுக்குத் தெரியாதா?"

ஷோகேஸ் சுருள்

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலை ஃபோர்மேன் வரதன் எங்கள் முதலாளியின் நண்பர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து, பட்டான்செருவுக்கு அப்பால் ஏரியில் கட்லாவுக்கு நடுத்தர நரம்பு நூறு கெஜம் கேட்டார். அந்தப் பருமனில் ஷோகேஸில் வைத்திருந்த சுருள் ஒன்றுதான் இருந்தது. அளந்து கொடுத்தேன்.

அவர் போன பிறகுதான் சுருளின் லேபிளைக் கவனித்தேன். சிவப்பு மை வெளிறி வெள்ளையாகியிருந்தது. எத்தனை மாதம் மேற்கு வெயிலில் கிடந்ததோ! மிச்ச நரம்பைக் கையில் சுற்றி இழுத்தேன். பட்டென்று போயிற்று. அவர் கையில் அறுந்தால் மூன்று. நானே போய்ச் சொன்னாலும் மூன்றுதான்.

"பேசாம இருங்களேன். அவருக்கு மீனே கடிக்காம போகலாம்" என்றாள் சரோஜா. ஞாயிறு விடியலில், அதைவிடச் சற்றே தடித்த ஒரு புதுச் சுருளோடு முதல் பஸ் பிடித்தேன். ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில் அவர் மனைவி, "அப்பவே ஸ்கூட்டர்ல போயிட்டாரே" என்றார். ஒரு லாரியில் தொற்றி ஏரிக்கரையில் ஏறியபோது வரதனின் கழி வில்லாக வளைந்திருந்தது. நரம்பு விர்ரென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

"சார், இழுக்காதீங்க! வெயில்ல வெந்த நரம்பு சார்! தப்பு என்னோடது!"

அவர் திரும்பவில்லை. "யோவ், கத்தாதே! என்ன செய்யணும் சொல்லு!"

"ரீலைத் தளர்த்துங்க. ஓட விடுங்க. அது நின்னா மட்டும் சுத்துங்க."

ஓடவிட்டார். நின்றபோது சுற்றினார். மறுபடி ஓடியது. எத்தனை முறை என்று எண்ணவில்லை. நரம்பையே பார்த்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அவருடைய கைவலையோடு நின்றேன். கடைசியில் அந்தக் கட்லா களைத்துச் சாய்ந்து, தானாகவே வலைக்குள் வந்தது. புதுச் சுருளை நீட்டினேன். வரதன் அதைத் தொடக்கூட இல்லை. "வெந்த நரம்பாம்! இதே சுருள்ல இன்னும் நூறு கெஜம் எடுத்து வைய்யா, சாமுவேல்கிட்ட உன்னைப் பத்தி நானே நல்லபடியா சொல்றேன்."

அவருக்கு வேறு நரம்பைக் கொடுத்துவிட்டு, அந்தச் சுருளின் மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன். சரோஜா துணிக்கொடி கட்டிய முதல் நாளே ஓர் ஈரப் புடவைக்கு அது அறுந்து விழுந்தது, நானோ அடுத்த இருபத்திரண்டு வருடம் அந்தக் கடையில் நரம்பு நிபுணனாக இருந்தேன்.