சித்திரைக் கொப்புளங்கள்

அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை, ஒருவருக்கு ஒருமுறைதான் வரும் என்பார்கள். எனக்கு அடுத்தடுத்து மூன்று சித்திரையிலும் வந்தது. வெயில் ஏறியதும் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் கொப்புளம் போட்டு, உடைந்து, நீர் வடியும். அம்மா உடனே வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிடுவா. மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்க மாட்டா. "எங்கடை பிள்ளையிலை அம்மாளுக்கு அப்பிடியொரு விருப்பம்" என்று அயலுக்குப் பெருமை வேறு. எனக்குக் கோபம்தான் வரும்.

மூன்றாவது சித்திரையில் என் மகளுக்கு நான்கு மாதம். வேப்பிலை கட்டிய கையோடு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவு அக்கா வீட்டுக்குப் போய்விட்டா. பிள்ளைக்குத் தொற்றிவிடுமாம். வேலிக்கு அப்பால் அவள் அழுவது கேட்கும். எனக்கு இங்கே பால் கட்டிச் சட்டை நனையும். பத்து நாள் பொறுத்தேன். பிறகு, "வேப்பிலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், நான் ஆஸ்பத்திரிக்குப் போறன்" என்று கத்தினேன். அப்பாதான் வவுனியாவுக்குக் கூட்டிப்போனார்.

தோல் டொக்டர் நகத்தளவு தோலை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டாம் முறையும் அப்பாவோடு போனபோது டொக்டர் சொன்னார்: "இது அம்மாள் இல்லை, தொத்தாது. பரம்பரையிலை வாறது, மிகவும் அரிது. வெயிலுக்கும் வேர்வைக்கும் திரும்பத் திரும்ப வரும், மருந்தாலை அடக்கலாம். மகளுக்கும் பிற்காலத்திலை வரலாம், வராமலும் விடலாம். ஆனா நீங்கள் தூக்கிறதாலை வராது. வீட்டிலை வேறை ஆருக்கு இருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை" என்றேன்.

அப்பா கதிரையை விட்டு எழும்பினார். உச்சி வெயிலில் வயலில் நிற்கும்போதும் கழுத்துப் பொத்தானைக் கழற்றாத மனிதர். அந்தக் கௌரவத்தை நாங்கள் பகிடி பண்ணுவோம். அன்று அவராகவே அதைக் கழற்றினார்.

என் கழுத்தில் எந்த மடிப்போ, அதே மடிப்பு. அதே சிவப்பு, அதே குறுக்கு வெடிப்பு. மூக்கையும் முழியையும் பிள்ளைக்குக் கொடுப்பது தெரியும். புண்ணைக்கூட இடம் மாறாமல் கொடுக்குமா ஒரு உடம்பு? பயப்பட வேண்டிய இடத்தில் நான் அதிசயித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு எப்ப தொடங்கினது, ஐயா?" என்று டொக்டர் கேட்டார்.

"இவள் பிறந்த வருசம்" என்றார் அப்பா. "என்ரை மனிசிக்கும் வேர்வைப்புண் எண்டு சொல்லி மறைச்சனான். தொத்திப்போடும் எண்டு பயத்திலை நான் இவளைத் தூக்கினதே இல்லை."

பஸ்ஸால் இறங்கியதும் அப்பா நேரே அக்கா வீட்டுக்கு நடந்தார். அம்மா தடுக்கத் தடுக்க, என்னையே பிள்ளையைத் தூக்கச் சொன்னார். அவள் பால் குடித்து முடியும்வரை முற்றத்தில் நின்றார். பிறகு உள்ளே வந்து, சட்டையில் இரண்டு கைகளையும் துடைத்துவிட்டு நீட்டினார்.

"பிள்ளையை எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேட்டார்.