தோணிரேவுச் சாலையில் என் பைக்கை நிறுத்திய அலை

பழைய டர்ட் பைக்கை மழைக்காலத்தில் பழவேற்காட்டுப் பக்கம் கொண்டுபோகலாமா என்று சிலர் இங்கே கேட்டிருந்தீர்கள். கொண்டுபோகலாம். நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தப் பதிவைக் கோபத்தோடு எழுதுகிறேன். கோபம் வண்டிமேல் இல்லை.

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு அம்பத்தூரில் கிளம்பினேன். மீஞ்சூர், காட்டூர் வழியாகப் பழவேற்காடு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். போக வர பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் சேர்த்து ஐந்நூற்று எழுபது ரூபாய். காட்டூரில் இட்லியும் டீயும் நாற்பது ரூபாய். சட்னி சுமார்தான்.

என் வண்டி எண்பதுகளில் வந்தது. ஸ்பார்க் கொடுப்பது மேக்னட்டும் அதற்குள் சேர்ந்து பிரியும் இரண்டு சின்னத் தொடுமுனைகளும், அதாவது பாயின்ட்டும். பாயின்ட்டுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் போதும், வண்டி நின்றுவிடும். பழவேற்காட்டுத் தண்ணீரில் உப்பும் இருப்பதால் துரு வேறு ஏறும். அதனால் முந்தின நாளே மேக்னட் கவரின் கேஸ்கட்டில் கிரீஸ் தடவி, ஒயர் வெளியே வரும் ஓட்டையைச் சிலிக்கான் வைத்து அடைத்தேன். பிளக் கேப்புக்குச் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை உறையாக மாட்டினேன். முழங்காலுக்குக் கீழே நிற்கும் தண்ணீருக்கு இது தாராளம்.

தோணிரேவுக்குப் போகும் வழியில் தாழ்வான ஓரிடத்தில் அவ்வளவு தண்ணீர்தான் இருந்தது. இருநூறு மீட்டர் நீளம், ஒரு ஜீப் போகும் அகலம். நடுவில் ஒதுங்க ஒரே இடம், மூன்று வீடுகளின் வாசல். அந்த மேட்டில் பெண்கள் வலையை விரித்து மீன் காயவைத்திருந்தார்கள். பல நாளைக்குப் பிறகு அடித்த வெயில். அவர்களில் தேவகி என்பவர், வலது ஓரம் அரித்துப்போயிருக்கிறது, நடுவிலேயே வா என்று கை காட்டினார். முதல் கியரில் மெதுவாகப் போனேன். வண்டி ஒருமுறைகூடத் திணறவில்லை.

அப்போதுதான் பின்னால் ஹாரன் சத்தம். ஏதோ ஆஃப்-ரோடு கிளப்பின் கொடி கட்டிய ஐந்து ஜீப்புகள். நான் அந்த வாசல் பக்கம் ஒதுங்கி வழிவிட்டேன். அவர்கள் வேகத்தைக் குறைக்கவில்லை. தண்ணீர் சுவர்போல எழும்ப வேண்டும் என்பதற்காகவே ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்கள். முதல் அலையிலேயே என் சீட் வரை நனைந்தது, வண்டி நின்றது. அடுத்தடுத்த அலைகள் வலைமேல் இருந்த மீனை அள்ளிக்கொண்டு வீட்டு வாசற்படிகளைத் தாண்டி உள்ளே போயின. கடைசி ஜீப்பில் ஒருவர் செல்போனில் இதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே கை வேறு ஆட்டினார்.

பெண்களோடு நானும் குனிந்து மீனைப் பொறுக்கினேன். பாதிக்குமேல் சேற்றோடு போய்விட்டது. தேவகி அக்கா வீட்டுக்குள் பாய், அரிசிக் கூடை, அவருடைய பேத்தியின் பள்ளிக்கூடப் பை எல்லாம் தண்ணீரில் கிடந்தன. அவர் வெளியே வந்து என் வண்டியைப் பார்த்தார்.

“ஓடுமா இது?”

காயவைத்தால்தான் ஓடும் என்றேன்.

“அவனுங்க திரும்பி இப்பிடித்தான் வரணும். வேற ரோடு கெடையாது. வண்டிய நடுவுல நிறுத்தும்மா.”

தயங்கினேன். நடு ரோட்டில் தண்ணீர் எஞ்சினின் அடியைத் தொடும். உப்புத் தண்ணீரில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் மேக்னட்டுக்குள் இருக்கும் காயிலுக்கு ஆகாது. இந்தக் காயில் இப்போது கடையில் கிடைப்பதில்லை. பிறகு அந்த நனைந்த பையைப் பார்த்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினேன்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். முன் ஜீப்பில் இருந்தவர், வண்டியை எடுங்க மேடம் என்றார். எடுக்க முடியாது, உங்களால்தான் பாயின்ட்டில் தண்ணீர் என்றேன். கயிறு கட்டி இழுத்துவிடட்டுமா என்று கேட்டார். உதவி செய்கிறாராம்! தேவகி அக்கா குரலை உயர்த்தவேயில்லை.

“மூணு வூட்ல தண்ணி நிக்குது தம்பி. எறங்கி வந்து மொண்டு ஊத்துங்க. அப்பறம் இந்தப் பொண்ணு வண்டிய நவுத்தும்.”

ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். ஒருவர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், நாங்களும் பேசணும் என்றார்கள் பெண்கள். கடைசியில் எட்டுப் பேர் இறங்கி, பூட்ஸ் காலோடு வாளி பிடித்தார்கள். மன்னிப்புக் கேட்டது ஒரே ஒருவர்தான். முடிந்ததும் நான் வண்டியை வாசல் பக்கம் தள்ளி வழிவிட்டேன். தேவகி அக்கா முன்னால் நடக்க, ஐந்து ஜீப்பும் அவர் நடக்கிற வேகத்திலேயே பின்னால் ஊர்ந்து போயின.

என் வண்டியின் மேக்னட் கவரைக் கழற்றித் தண்ணீரை வடித்தேன். பாயின்ட்டைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து வெயிலில் காயவிட்டேன். பிளக்கைக் கழற்றி, உள்ளே போன தண்ணீர் வெளியேற நாலு முறை கிக்கரை உதைத்தபின், புது பிளக் மாட்டியதும் ஸ்டார்ட் ஆனது. மீனுக்கு அப்படி எதுவும் செய்ய முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு: ஸ்பேர் பிளக், துணி, கவர் கழற்றும் ஸ்க்ரூட்ரைவர் மூன்றும் கட்டாயம். வீடுகள் தெரிந்தால் நடக்கிற வேகம்தான், ஒரு சொட்டு எழும்பக் கூடாது. போன வாரம் மறுபடி போயிருந்தேன். அந்தத் தண்ணீர் தொடங்கும் இடத்தில் இப்போது வலைக்கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டியிருக்கிறார்கள். ஹாரன் அடிக்காதீர்கள். வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், யாராவது வந்து அவிழ்ப்பார்கள். சூடான எஞ்சினோடு தண்ணீரில் இறங்கினால் மேக்னட் கவருக்குள் காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதனால் எஞ்சின் ஆற ஒரு பத்து நிமிடம் எப்படியும் அங்கே நிற்க வேண்டியவர்கள்தான் நாம்.