செங்கோடின்

சேலத்துக் கல்லூரி ஒன்றில் நானும் என் நண்பரும் ரசாயனப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர்களாக இருந்தோம். அவர் திருச்செங்கோட்டுக்காரர், அரைகுறையாகச் சந்தோஷப்படத் தெரியாதவர்.

அப்போது அவருக்கு அயோடின் கலந்த ஒரு வெள்ளைப் படிகத்தின் மேல் பைத்தியம். லேசாகக் காடி வாசம் அடிக்கும்; பட்ட பொருளையெல்லாம் ஆக்ஸிஜனேற்றும். ஒருநாள் அதைக் கரைத்து, கடுமையான அமிலம் ஒரு சொட்டு விட்டு, மறுபடி படியவைத்தார். பழைய படிகம் அரைமணி நேரம் மெனக்கெட்டு வெளுக்கும் சாயத்தை, இது கண்மூடித் திறப்பதற்குள் வெளுத்தது.

"புதுப்பொருள்!" என்று கூவினார். 'செங்கோடின்' என்று பெயர் எழுதிப் புட்டியில் ஒட்டினார். பார்க்க வரச்சொல்லி மாமனாருக்குக் கடிதமும் போட்டார்.

எனக்கு நம்பிக்கையில்லை. மாமனார் வருகிற நாள் காலையில் செங்கோடினைக் கொஞ்சம் எடுத்து, ஈதரில் நன்றாகக் கழுவி உலர்த்தி, பழையதோடு கலந்து உருக்கிப் பார்த்தேன். வேறு வேறு பொருளாக இருந்தால் கலவை முன்னதாகவே உருகியிருக்கும். இதுவோ பழையது உருகும் அதே சூட்டில் உருகியது. இரண்டும் ஒன்றுதான், வேகம் காட்டியது ஒட்டியிருந்த அமிலம்.

சொல்ல ஓடினேன். அதற்குள் மாமனார், கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்க, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நண்பர் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் செங்கோடினைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார். அயோடின் பிரிந்து கரைசல் பழுப்பானது. குலுக்கிய குலுக்கில் தக்கை கழன்று, பாதி மாமனாரின் வலது தொடையில் கொட்டியது. கஞ்சியில் அயோடின் பட்டால் சும்மா இருக்குமா? முழங்கால்வரை கருநீலம்.

"ஏனுங்க மாப்ள, இதானுங்களா அந்தப் புதுசு?"

"ஆமாங்க மாமா" என்றார் நண்பர்.

"பழையதும் இதையேதாங்க செய்யும்" என்று நான் உளறிவிட்டேன்.

"அதையுங் காட்டுங்க சாமி" என்று மாமனார் இடதுபக்க வேட்டியை விரித்துப் பிடித்தார்.

எனக்கு வேறு வழியில்லை. பழைய படிகத்தில் அமிலம் ஒரு சொட்டு விட்டு, அயோடைடில் கலந்து ஊற்றினேன். அச்சு அசலாக அதே நீலம். அவர் இரண்டு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்த்தார்.

"கொம்புக்குப் புது வர்ணம் பூசிருக்கீங்க மாப்ள. மாடு அதேதானுங்க."

நான் காலையில் கண்டதைச் சொன்னேன். நண்பர் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். ஹைப்போ கரைசலில் நனைத்தால் கறை போய்விடும் என்றேன்.

மாமனார் எழுந்தார். "வேண்டாமுங்க. பஸ்ஸுல எல்லாரும் கேப்பாங்க. எங்க மாப்ள பண்ணுனதுன்னு சொல்லோணும்" என்று வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பினார்.