திரையா, கார்டா

மாமாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குள் லேப்டாப் பேச்சு தொடங்கியது. மாமா என்றால் என் கணவரின் அப்பா. இளவயதிலிருந்து லாரி ஓட்டியவர். இனி கிளட்சை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவர், வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். பகலில் அவர் கூட யாராவது இருக்க வேண்டும். கணவருக்கு ராசிபுரம் பக்கம் கோழித்தீவன மில்லில் சூப்பர்வைசர் வேலை. அதனால் வீட்டில் இருப்பது என் பாடு என்றானது.

நான் அப்போது சேலத்தில் மாடுலர் கிச்சன் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளரின் சமையலறையையும் அலமாரிகளையும் கணினியில் வரைந்து, கட்டி முடித்தால் எப்படி இருக்குமோ அப்படியே வெளிச்சமும் நிழலும் விழும் படமாக ஆக்கித் தருவது என் வேலை. வெண்ணந்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் முதலாளியிடம் போனேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊட்டுல இருந்தே வரைஞ்சு அனுப்பும்மா. ஆனா மெஷின் உன்னுதா இருக்கோணும்" என்றார்.

சந்தோஷமாகத்தான் வந்தேன். விலை விசாரித்த பிறகு சந்தோஷம் பாதியானது. இந்த வேலைக்கென்றே வரும் லேப்டாப்புகள் எங்கள் கைக்கு எட்டாதவை. எட்டுகிற விலையில், படங்களை வேகமாக உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு உள்ளது வேண்டுமென்றால் விளையாட்டுக்காரர்களுக்காகச் செய்யும் மலிவு விலை கேமிங் லேப்டாப்தான். அது ஒரு விசித்திரமான சாமான். ஓரிடத்தில் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மற்ற இடங்களில் கையைச் சுருக்கிக்கொள்ளும். எங்கே சுருக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குகிறவர் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு அக்காவை மாமாவுக்குத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் சேலம் போனோம். கடையில் இருந்த பெண் எங்கள் வரம்பைக் கேட்டுக்கொண்டு இரண்டு லேப்டாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள்.

"இதுல வேகமுங்கக்கா. அதுல கலருங்கக்கா."

"ரெண்டும் ஒண்ணுலயே இருக்காதா?"

"இருக்குங்க. அதுக்கு அந்த ரேக்குக்குப் போகோணும்" என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மேல் தட்டைக் காட்டினாள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவள் சொன்னது சரிதான். முதலாவதில் கார்டு பலமானது. ஆனால் திரை வெளிறியிருந்தது. ஒரே பூப்படம் இதில் வெயிலில் காயப்போட்ட சேலை மாதிரியும், அடுத்ததில் அப்போதுதான் பறித்தது மாதிரியும் தெரிந்தது. முதலாவது கனம் வேறு. சார்ஜரைக் கையில் எடுத்துப் பார்த்தேன், செங்கல் தோற்றுப்போகும்.

கணவர் உடனே இரண்டாவதைக் காட்டினார். "நீ நாள் பூரா பாக்கப் போறது திரையத்தானே? இதையே எடுத்துக்கலாம்."

"கார்டு சின்னதா இருந்தா ஒரு படம் வர்றதுக்கு மத்தியானம் பூரா காத்துக் கெடக்கோணுமுங்க" என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுக் காரணமும் அதுவல்ல. கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் ஆசையாகச் சொன்ன கதைகளில் பாதி, கல்லூரி நாட்களில் சேலத்து பிரவுசிங் சென்டரில் நண்பர்களோடு உட்கார்ந்து கார் பந்தயம் விளையாடியதைப் பற்றித்தான். அதற்குப் பிறகு மில், குடும்பம், அப்பாவின் கால். விளையாட்டு நின்றுபோனது. ஆனால் சாப்பிடும்போது போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாதவர்கள் விளையாடுகிற வீடியோக்களைப் பார்ப்பார். இப்போது இந்தக் கடையில், கண்காட்சிக்கு வைத்திருந்த ஒரு மெஷினில் விளையாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை தானாகப் போய் விசைகளின் மேல் உட்கார்ந்ததையும், நான் பார்ப்பது தெரிந்ததும் பையைச் சரிசெய்வதுபோல் அதை எடுத்துக்கொண்டதையும் பார்த்துவிட்டேன். கார்டு பலமாக இருந்தால் அவரும் விளையாடலாம். கேட்டால் "எனக்கெதுக்கு" என்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

யோசித்துவிட்டு வருகிறோம் என்று கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். அந்த மாதத்து மளிகையும் வாங்க வேண்டியிருந்தது. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே வாதாடினோம்.

"அதைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போவியா நீ?"

"எப்பவாச்சும்தானுங்க போகப் போறேன்."

"பேட்டரி ஒரு மணி நேரம் நிக்காதுன்னு அந்தப் புள்ளயே சொல்லுச்சு."

"ஊட்டுல கரண்ட் இல்லாமயா போயிருச்சு?"

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் வழிவிடச் சொல்லி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உன் வேல. உன் இஷ்டம்" என்றார். திரும்பிப் போய் முதலாவதை வாங்கினோம்.

சொல்ல வேண்டும், வேலைக்கு அது குறை வைக்கவில்லை. அலுவலகத்துப் பழைய கணினியில் டீ குடித்துவிட்டு வந்தும் முடியாத படம், இதில் அரிசி களைவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் படம் உருவாகும்போது உள்ளே இருக்கும் மின்விசிறிகள் இரண்டும் ஊளையிடும். முதல் நாள் மாமா நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"என்ன சாமி, ஊட்டுக்குள்ள வண்டிய ஸ்டார்ட் பண்ணுனாப்ல இருக்குது?"

"லேப்டாப்புங்க மாமா. சூடாகுது."

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தி வையி" என்றார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி அதுதான் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து, நான் நினைத்த மாதிரியே, கணவர் ஒரு விளையாட்டை இறக்கினார். கார் பந்தயம் இல்லை, லாரி ஓட்டுகிற விளையாட்டு. ஒரு ஊரில் சரக்கேற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும். அவர் மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாமா வாக்கரை ஊன்றியபடி பின்னால் வந்து நின்றார்.

"எறக்கத்துல எதுக்குடா இந்த வேகம்?"

"வெளையாட்டுங்கப்பா இது."

"வெளையாட்டுன்னா லோடு சாயாதா?"

அடுத்த வளைவில் லோடு சாய்ந்தது. மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அன்றைக்கு மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, காலை ஸ்டூலில் நீட்டிவிட்டு, திருப்புகிற விசைகளை அவரிடம் கொடுத்தார் கணவர். வேகமும் பிரேக்கும் இவர் கையில். மாமா "புடி, புடி" என்றால் பிரேக், "உடு" என்றால் வேகம். அப்பாவும் மகனும் வீட்டில் ஒரு நாளைக்குப் பேசிக்கொள்ளும் வார்த்தைகள் அதுவரை ரொம்பக் கொஞ்சம். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஒரு லாரியைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி உரக்கச் சண்டை போட்டார்கள். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நல்லதைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை கெங்கவல்லியில் போனது.

அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தினர் புது வீடு கட்டியிருந்தார்கள். மரவள்ளிக் காட்டை ஒட்டிய வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று அவர் சொல்லிவிட்டதால், முதலாளி என்னையே போகச் சொன்னார். ஆத்தூர் வழியாக பஸ் மாறி, லேப்டாப்பையும் சார்ஜரையும் சுமந்துகொண்டு போனேன். நான் போன நேரம் அங்கே கரண்ட் இல்லை. பேட்டரி கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக நிறங்களை மாற்றிக் காட்டினேன். அந்த அம்மா திரையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரு பச்சையில் கை வைத்தார்.

"காஞ்ச வேப்பில மாதிரி இருக்குது பாரு. கண்ண உறுத்தல. இதான் வேணும்."

நிறப் பலகையின் மாதிரித் துண்டுகள் அலுவலகத்தில் இருந்தன. படத்தையே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்களே, துண்டு எதற்கு என்று முதலாளியும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

கதவுகளை மாட்டப் போன ஆள் என்னைப் போனில் கூப்பிட்டார். "இந்தம்மா ஒண்ணுமே பேச மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

போனேன். சமையலறை வாசலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சுவர் முழுக்கக் கிளிப்பச்சை. அந்த அம்மா கோபப்படவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நடுவில் நின்றிருந்தார்.

"நீ காட்டுனது இது இல்லம்மா."

லேப்டாப்பை எடுத்து, சார்ஜரைச் செருகி, அதே படத்தைத் திறந்து, கதவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். திரையில் காய்ந்த வேப்பிலை. கதவில் கிளி. கை வலித்தது, ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டும் ஒரே கலர் நம்பர்தாம்மா" என்றேன்.

"நம்பர நான் எங்கம்மா பாத்தேன்? நெறத்தத்தானே பாத்தேன்."

முதலாளியைப் போனில் கூப்பிட்டேன். சம்மதம் சொன்னது அவர்கள்தானே என்று அவர் ஆரம்பித்தார். சம்மதம் சொன்னது என் திரையில் தெரிந்த நிறத்துக்கு, பலகையின் நிறத்துக்கு இல்லை என்றேன். அவருக்குக் கோபம்தான். பேசிப் பேசி, மேல் வரிசைக் கதவுகளை மட்டும் வெளிர் மர நிறத்தில் மாற்றித் தருவது, கீழ் வரிசை அப்படியே இருப்பது என்று முடிவானது. அந்த அம்மா கீழ் வரிசையைப் பார்த்துவிட்டு, "குனிஞ்சாத்தானே தெரியும், போகட்டும் வுடு" என்றார். மோர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்பார் என்று காத்திருந்தேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அன்னிக்கு ஏன் அந்தக் கார்டுலயே நின்னே? ஒரு படத்துக்குச் சித்த நேரம் எச்சாக் காத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நீங்க வெளையாடுவீங்கன்னுதானுங்க."

அவர் கத்தியை வைத்துவிட்டார். "நான் கேட்டனா?"

"கேக்க மாட்டீங்கல்ல."

வெங்காயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "எனக்கும் அந்த ஆச இருந்துச்சு. அதுனாலதான் கார்டு வேண்டாம்னு நின்னேன். என் ஆசைக்கு உன் வேலையக் கெடுக்கக் கூடாதுன்னு."

"கடையிலயே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா இன்னும் பிடிவாதமா அதையேதான் எடுத்திருப்பே."

அது உண்மைதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, என்னையும் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் மற்றவருக்காக வாதாடியதில், அந்தத் திரையைப் பார்த்து நிறம் சொல்லப்போகிற மூன்றாவது ஆளை யாரும் நினைக்கவில்லை. லேப்டாப்பில் எங்கே குறை இருக்கிறது என்று கடையிலேயே எங்களுக்குத் தெரியும். அதை நான் தாங்கிக்கொள்வேன் என்றுதான் வாங்கினேன். அது என் மேல் விழாமல் கெங்கவல்லியில் ஒரு சமையலறையில் போய் விழும் என்று தெரியவில்லை.

அப்படியானால் மற்றதை வாங்கியிருக்க வேண்டுமா? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வாங்கியிருந்தால் அந்த அம்மா கேட்ட பச்சை கிடைத்திருக்கும். அந்த லாரி விளையாட்டு சின்னக் கார்டில் திக்கித் திணறித்தான் ஓடியிருக்கும், மாமா எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கே திரும்பிப் போயிருப்பார். ஓர் அம்மாவின் ஏமாற்றத்தையும் ஒரு மனிதரின் சிரிப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இரண்டும் நடந்தன, அவ்வளவுதான்.

பிறகு நிறம் சரியாகக் காட்டும் ஒரு தனித் திரையைப் பழைய சாமானாகப் பார்த்து வாங்கி மேசையில் வைத்தோம். அதிலும் எல்லா நிறமும் அச்சு அசலாக வராது. அதனால் இப்போது எங்கே போனாலும் பலகைத் துண்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன். பை லேப்டாப்பை விடக் கனம்.

போன மாதம் கெங்கவல்லி அம்மா போன் செய்தார். படுக்கையறைக்கு அலமாரி வேண்டுமாம். வேறு ஆளைப் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீயே வாம்மா. பலகைய எடுத்துக்கினு வா" என்றார்.

போனேன். துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். திரும்ப வந்து, டியூப்லைட்டைப் போட்டு அதன் கீழே பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு சாம்பல் நிறத்தை எடுத்து நீட்டினார். அந்த அறைக்கு அது எடுபடாது என்று எனக்குத் தோன்றியது, சொன்னேன். "இருக்கட்டும், எனக்குப் புடிச்சிருக்குது" என்றார். எண்ணைக் குறித்துக்கொண்டு, சுவரை அளக்க டேப்பை எடுத்தேன். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.