பூட்டுக்குள் இருந்த மன்னிப்புப் பக்கம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். படித்ததே நான்காம் வகுப்புவரை, அதுவும் மலையாளத்தில்.

கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறேன். என் மகளுக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் தற்காலிக வேலை. கிடங்குகளில் இடம் பதிவு செய்ய ஒரு இணையதளத்தை ஜாவா என்ற கணினி மொழியில் தனியாகச் செய்திருந்தாள். மறுநாள் அதை வியாபாரிகளுக்குக் காட்ட வேண்டும். சரியாக நடந்தால்தான் வேலை நிரந்தரம்.

“அத்தா, போன்ல கண்டபடி அமுக்கிப் பாருங்க. தப்பு வந்தா, மன்னிப்புக் கேக்குற பக்கத்துக்குத் தானா போகணும். அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன்.”

“நான் கெடுத்துட்டேன்னா?”

“கெடுக்கத்தானே தர்றேன்.”

உள்ளே நுழையச் செல்போன் எண் கேட்டது. எனக்கு மனப்பாடம் லேண்ட்லைன்தான். வீட்டு எண்ணைப் போட்டேன். பக்கம் வெள்ளையாகிச் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாயா குடித்தேன். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நான் இப்படித்தான். ஏதாவது நடக்கவில்லையென்றால் தப்பு என்னுடையது என்று நினைத்து, யாரையும் கேட்காமல் திரும்பிவிடுவேன்.

“எப்படி இருக்கு?” என்று மகள் கேட்டாள். நாளைக்கு அவள் வேலை இதில்தான் இருக்கிறது என்ற நினைப்பில் அன்று மட்டும் வாயைத் திறந்தேன்.

“நல்லாத்தான் இருக்கு மோளே. நான்தான் என்னமோ தப்பாப் போட்டுட்டேன்.”

“என்ன போட்டீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.”

செய்து காட்டினேன். உள்ளே நுழைந்தவர்கள் மட்டும் பார்க்கும் பகுதியில் மன்னிப்புப் பக்கத்தையும் வைத்திருந்தாள். நுழையும்போதே தப்புச் செய்கிறவனைத் தளம் அங்கே அனுப்பும். அங்கே ‘நுழைந்துவிட்டு வா’ என்று வாசலுக்கே திருப்பும். தப்பான எண்ணும் கூடவே போவதால் மறுபடி அதே சுற்று. அவள் எப்போதும் உள்ளேயே இருந்து சோதித்ததால் கண்ணில் படவில்லை.

“மன்னிப்பைப் பூட்டி வெச்சிருக்கேன், என் புத்தியைப் பாருங்க,” என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

ஒரு வரியை மாற்றி அந்தப் பக்கத்தைப் பூட்டுக்கு வெளியே வைத்தாள். திரும்பவும் வீட்டு எண்ணைப் போட்டேன். ‘எங்கள் பக்கம் பிழை. உங்கள் மேல் குற்றமில்லை’ என்று தமிழிலும் மலையாளத்திலும் வந்தது. வேறெந்த இடத்திலும் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் ஒரு வியாபாரி எண்ணைத் தப்பாகப் போட, எல்லோர் முன்பும் அந்தப் பக்கமே வந்ததாம். “அப்போ குற்றம் என்டேதல்ல,” என்று, தன்மேல் குற்றமில்லை என மலையாளத்தில் சொல்லி அவர் சிரித்தாராம்.

“வேலை உறுதி, அத்தா.”

“சோறு போடட்டுமா?” என்று மட்டும்தான் கேட்டேன். அந்தப் பக்கம் எனக்கு எவ்வளவு பெரிது என்று அன்று அவளிடம் சொல்ல வராததைத்தான் இங்கே எழுதினேன்.

மட்டாஞ்சேரி, ஆகஸ்ட் 9