கூண்டுக்காலத்து நடுவர்

நான் சரிபார்த்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். கூடைப்பந்து ரசிகர்களிடையே ஊகத்துக்குப் பஞ்சமில்லை.

தியாகராய நகர்த் திடலில் அவர்தாம் நடுவர். மடிப்புக் கலையாத கால்சராய். கழுத்தில் இரண்டு விசில்கள். இரண்டாவதை அவர் ஊதி நான் கண்டதில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தின் தொடக்கக் காலத்தைப் புகழ்வது அவர் வழக்கம்: அன்று பார்வையாளர் பாயாதிருக்க ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு இருந்ததாம், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் நிற்கலாமாம்.

ஓர் இறுதிப்போட்டியில், ஒரு புள்ளி முன்னிலை பெற்ற அணி பந்தைப் பிடித்தபடி நின்றுவிட்டது. இருபத்துநான்கு நொடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்பது இன்றைய விதி; அது கடந்தும் விசில் ஒலிக்கவில்லை. கோப்பை கைநழுவுவதைக் கண்ட எதிரணித் தலைவன் ஓடிவந்தான்.

“இன்னா சார், பந்த வெச்சிகினு நிக்கிறானுங்க, பாத்துகினே கீறீங்க?”

“ஆரம்ப காலத்துல இந்த நொடிக் கணக்கே கிடையாதுப்பா.”

“அப்போ கூண்டு இருந்துச்சுன்னீங்களே சார். இங்க இல்லியே.”

நடுவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். ஒரே ஊதலில் வரலாறு நிகழ்காலத்துக்கு வந்து சேர்ந்தது. பந்து எதிரணிக்குப் போயிற்று. அதன் பின்னே கோப்பையும்.

பந்தைப் பிடித்து நின்ற அணியின் தலைவன் அவருடைய மருமகன் என்பதை விசாரித்து உறுதிசெய்துகொண்டேன். அதுவரை அவர் விசிலை அடைத்திருந்தது வரலாறா, உறவா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.